மாத்திரையா, பேச்சா, காத்திருப்பா: உளக்காயத்துக்கு எந்த வழி, யாருக்கு?

பெரிய விபத்தோ தாக்குதலோ வெள்ளமோ கடந்துபோன வீட்டில் கொஞ்ச நாளில் மூன்று கட்சிகள் உருவாகிவிடும். “நாளானா சரியாயிடும், விடுங்க” என்பது பெரியவர்களின் கட்சி. “ராத்திரி தூங்கவே மாட்டேங்கிறார், டாக்டர்கிட்ட காட்டி மாத்திரை வாங்கலாம்” என்பது இரண்டாவது. “கவுன்சலிங் கூட்டிட்டுப் போங்க, மனசுல இருக்கறதைக் கொட்டிட்டா போதும்” என்பது மூன்றாவது. படித்த பிள்ளைகளிடம் இப்போது இதற்குத்தான் செல்வாக்கு. மூன்றிலும் உண்மை உண்டு. யாருக்கு, எந்த வாரத்தில், எது என்பதில்தான் குளறுபடி நடக்கிறது.

சிகிச்சை முறைகளை முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்தும் வழிகாட்டிகள் உலகில் நிறைய உண்டு. அந்த வரிசை பொய்யில்லை, ஆனால் ஒரு குடும்பம் முடிவெடுக்க அது மட்டும் போதாது. என்னைக் கேட்டால் வரிசையைப் பார்ப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். நடந்த கொடுமை முடிந்துவிட்டதா, இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா? தொடங்கும் சிகிச்சையை இந்த ஆளால் கடைசி வரை கொண்டுபோக முடியுமா? விபத்தில் பிழைத்த லாரி ஓட்டுநருக்கும், அடிக்கிற கணவனோடு ஒரே வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும், மகன் காணாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆன கிளிநொச்சித் தாய்க்கும் ஒரே பதில் வராது.

முதல் மாதத்தில்

எண்கள் காத்திருப்புக் கட்சிக்குத்தான் சாதகம். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய ஆய்வுகளின்படி, வாழ்நாளில் ஒரு முறையாவது பேரதிர்ச்சியைச் சந்திப்பவர்கள் சுமார் 70 சதவீதம். அவர்களில் பி.டி.எஸ்.டி. எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய கோளாறு வருவது 5.6 சதவீதம் பேருக்கு. பெரும்பாலானோர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். இது சராசரிக் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம் இந்த விகிதம் பல மடங்கு அதிகம். அமெரிக்காவில் 1990களில் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில் வாழ்நாளில் பி.டி.எஸ்.டி. வந்த பெண்கள் 10.4 சதவீதம், ஆண்கள் 5 சதவீதம்.

நடந்தது அழைக்காமலே திரும்பத் திரும்ப மனதில் ஓடுவது, கெட்ட கனவு, அதை நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் பேச்சையும் தவிர்ப்பது, ‘என் தப்புதான்’, ‘யாரையும் நம்ப முடியாது’ என்று மனம் இறுகிப்போவது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் வீட்டையும் பாதித்தால்தான் மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். இரண்டாம் வாரத்தில் ஒருவர் இப்படி இருப்பது நோயின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை.

‘கொட்டிட்டா போதும்’ கட்சி சறுக்குவதும் இங்கேதான். அமெரிக்காவில் ஜெஃப்ரி மிட்செல் 1983-இல் தீயணைப்பு, மீட்புப் பணியாளர்களுக்காக ஒரு முறையை முன்வைத்தார். சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் எல்லாரையும் உட்கார வைத்து, நடந்ததை விரிவாகப் பேசவைப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பாணியில் ஒரே அமர்வில் பேசவைப்பதைச் சாலை விபத்தில் காயப்பட்டவர்களிடம் ஆக்ஸ்ஃபோர்டில் சோதித்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் மிகவும் கலங்கியிருந்தவர்களில் அப்படிப் பேசவைக்கப்பட்டவர்கள், பேசவைக்கப்படாதவர்களைவிட மூன்று ஆண்டு கழித்தும் மோசமாக இருந்தார்கள். இன்று பிரிட்டனின் 2018 வழிகாட்டி இந்த முறையைத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. ஆகவே துக்கம் விசாரிக்க வருபவர்கள் ஒவ்வொருவராக “என்ன நடந்தது, முதல்லேர்ந்து சொல்லு” என்று கேட்பதை வீட்டார் தடுப்பது நல்லது. அவராகச் சொல்ல வந்தால் கேட்கலாம், தோண்ட வேண்டாம்.

அப்படியானால் முதல் மாதத்தில் என்னதான் செய்வது? உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று சொற்களில் முடித்துவிடுகிறது: பார், கேள், இணை. பாதுகாப்பாக இருக்கிறாரா, சாப்பிட்டாரா, பிள்ளைகள் எங்கே என்று தெரியுமா என்று பார். சொன்னால் கேள். தேவையானவர்களோடு இணை. எஃப்.ஐ.ஆர். நகல், மரணச் சான்றிதழ், நிவாரணப் படிவம் போன்றவற்றுக்கு அலைய ஒருவர் கூடவே போவது மனநல உதவி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதே மாதத்தில் மாத்திரைக் கட்சியும் ஒரு தவறு செய்யும். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் அல்பிரசோலம், குளோனசெபம் வகை மாத்திரைகளை வாங்கி வாரக்கணக்கில் போடுவது. அந்த இரவுக்கு அது வேலை செய்யும். பி.டி.எஸ்.டி.யைத் தடுக்கவோ குணப்படுத்தவோ செய்யாது, பழக்கமும் ஆகிவிடும். அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான 2023 வழிகாட்டி இந்த வகையை வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. நம் ஊரில் வாய்திறந்து பேசாத நான்காவது கட்சியும் ஒன்று உண்டு: குவார்ட்டர். ஆண்களிடம் உளக்காயம் பல வீடுகளில் ‘குடிகாரன்’ என்ற பெயரோடுதான் உலவுகிறது.

மாதம் தாண்டிய பிறகு

ஒரு மாதம் ஆகியும் பிடி தளரவில்லை என்றால் இனி காத்திருப்பதில் லாபம் குறைவு. இப்போது உண்மையான போட்டி இரண்டு வழிகளுக்கு இடையில்: நினைவோடு நேரடியாக மோதும் பேச்சுச் சிகிச்சையா, மருந்தா?

பேச்சுச் சிகிச்சை என்றால் ஆறுதலாகப் பேசுவது மட்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆறுதல் நல்லதுதான், ஆனால் ஆய்வுகளில் ஜெயித்தவை வேறு ரகம். எட்னா ஃபோவா உருவாக்கிய முறையில் நடந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பதுபோல, மறுபடி மறுபடி சொல்ல வேண்டும். தவிர்த்துவந்த சாலை, பேருந்து, அறை எல்லாவற்றுக்கும் படிப்படியாகத் திரும்பிப் போக வேண்டும். 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் பொதுவாக 90 நிமிடம். அறுவைசிகிச்சைக்குப் பின் முழங்காலைப் பிசியோதெரபியில் மடக்கப் பழக்குவது போலத்தான்: வலிக்கும், முதல் சில வாரங்களில் இன்னும் மோசமானதாகக்கூடத் தோன்றும், வழி அதுதான். பட்ரீசியா ரெசிக்கின் முறை கொஞ்சம் வேறு. நினைவைவிட அதிலிருந்து பிறந்த முடிவுகளைத் தோண்டும். ‘நான் அன்று அந்த வழியாகப் போயிருக்கக் கூடாது’ என்ற எண்ணத்தை எடுத்து வைத்து, அன்று உனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று விசாரிக்கும். 12 அமர்வுகள், எழுத்து வேலையும் உண்டு. குற்ற உணர்ச்சியும் வெட்கமும்தான் பெரிய சுமை என்றால் எனக்கு இது பொருத்தமாகத் தோன்றுகிறது.

மூன்றாவது இ.எம்.டி.ஆர். 1980களின் இறுதியில் ஃபிரான்சின் ஷாபிரோ கொண்டுவந்தது. நினைவை மனதில் பிடித்துக்கொண்டே சிகிச்சையாளரின் விரலசைவைக் கண்ணால் தொடர வேண்டும். அந்தக் கண் அசைவால்தான் பலன் வருகிறதா என்பதில் ஆய்வாளர்களிடம் நீண்ட சண்டை உண்டு. பலன் வருகிறது என்பதில் சண்டை குறைவு. நடந்ததை முழுக்க வாய்விட்டு விவரிக்க வேண்டியதில்லை என்பது இதன் பெரிய வசதி. பாலியல் கொடுமையைப் பற்றிச் சொல்ல நா எழாதவர்களுக்கு அந்த ஒரு காரணமே போதும். ஒரு எச்சரிக்கை: வாரக்கடைசிப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டுப் பெயர்ப்பலகையில் இதைச் சேர்த்துக்கொண்டவர்களும் இருக்கலாம். எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், யாருடைய மேற்பார்வையில் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மருந்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பி.டி.எஸ்.டி.க்கென்று ஒப்புதல் தந்தவை இரண்டே: செர்ட்ராலின், பாரோக்செட்டின். வென்லாஃபாக்சினையும் வழிகாட்டிகள் பரிந்துரைக்கின்றன. பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும், தெரிந்த பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டும், திடீரென்று நிறுத்தக் கூடாது. கெட்ட கனவுக்குத் தரும் பிரசோசின் 2018-இல் ஒரு பெரிய சோதனையில் தோற்றது. ஆனாலும் சிலருக்கு உதவுவதால் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது.

நேருக்கு நேர் வைத்தால், முன்பு சொன்ன அமெரிக்க 2023 வழிகாட்டி பேச்சுச் சிகிச்சையையே மருந்துக்கு முன்னால் வைக்கிறது. காகிதத்தில் கேள்வி அதோடு முடிந்தது. நடைமுறையில் என் இரண்டாவது கேள்வி இங்கே குறுக்கே வரும். அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 916 பேரை வைத்து 2022-இல் வெளியான ஒப்பீட்டில், ஃபோவா முறையில் சேர்ந்தவர்களில் சுமார் 56 சதவீதமும், ரெசிக் முறையில் சேர்ந்தவர்களில் சுமார் 47 சதவீதமும் பாதியில் விட்டுவிட்டார்கள். ஏற்பாடுகள் எல்லாம் உள்ள நாட்டிலேயே இந்தக் கதை. தினக்கூலிக்குப் போகிற ஒருவரால் வாரம் ஒரு அரைநாள் கூலியை மூன்று மாதம் விட முடியுமா? அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், மாதம் ஒரு முறை போனால் போதும். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் மாவட்டத் தலைநகரில்கூட இல்லாமல் இருக்கலாம். பாதியில் நின்றுபோகும் முதல்தர வழியைவிட முடிக்கக்கூடிய இரண்டாம்தர வழி மேல் என்று நான் நினைக்கிறேன். கூடவே மனச்சோர்வும் கடுமையாக இருப்பவர்களுக்கு முதலில் மருந்து, கொஞ்சம் தலைநிமிர்ந்ததும் பேச்சுச் சிகிச்சை என்று இரண்டையும் அடுத்தடுத்து வைப்பதும் உண்டு.

விபத்து, தீ, ஒரு முறை நடந்த தாக்குதல் போன்றவற்றில் தப்பிய பெரியவர்களுக்கு இந்த இடத்தோடு முடிவு எடுத்துவிடலாம். மற்றவர்களுக்கு விஷயம் இப்படி நேர்க்கோட்டில் போவதில்லை.

பிள்ளைகள்

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பி.டி.எஸ்.டி.க்காக மருந்து தர வேண்டாம் என்கிறது பிரிட்டன் வழிகாட்டி. ஆக, பேச்சும் விளையாட்டும் படமும்தான் வழி. பெற்றோரோ வளர்ப்பவரோ கூடவே பங்கெடுக்க வேண்டும். பிள்ளை வாயால் சொல்லாது. படுக்கையை நனைக்கும், ஒரே விபத்து விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடும், பள்ளிக்கூட வாசலில் வயிற்றுவலி வரும்.

ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் நடந்த ஒரு சின்ன ஆய்வு எனக்குப் பிடித்தமானது. போரையும் அலையையும் பார்த்த 31 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாழ்க்கைக் கதையை வரிசையாகச் சொல்லவைத்து, அதிர்ச்சி நினைவை அதன் இடத்தில் பொருத்தும் கதைசொல்லல் சிகிச்சை. இன்னொன்றுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டும் ஆறே அமர்வுகள், நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள். ஆறு மாதம் கழித்துத் தேறியவர்கள் முதல் குழுவில் 81 சதவீதம், இரண்டாவதில் 71 சதவீதம். 31 பேரில் இந்த வித்தியாசத்தை வைத்து வெற்றி தோல்வி சொல்ல முடியாது. 2009-இல் வெளியான கட்டுரையும் இரண்டும் உதவின என்றே சொன்னது. பெற்றோருக்கு இதில் ஒரு நிம்மதி இருக்கிறது. பெரிய பெயருள்ள முறை கிடைக்கவில்லையே என்று தவிக்க வேண்டாம், பிள்ளைக்குத் தெரிந்த மொழியில், நம்பும் ஆள் ஒழுங்காகச் செய்தால் எளிய முறையும் போதலாம்.

அதற்காகப் பள்ளி முழுவதையும் உட்காரவைத்து மொத்தமாகக் கவுன்சலிங் தருவது சரி என்று ஆகாது. அதே வடபகுதியில் பின்னர் நடந்த பெரிய பள்ளித் திட்ட ஆய்வில், பையன்களிடம் சில அறிகுறிகள் குறைந்தன. பெண் பிள்ளைகளில் திட்டத்தில் சேராமல் காத்திருந்தவர்கள்தான் அதிகம் தேறினார்கள். தேவையிருக்கும் பிள்ளையைக் கண்டுபிடித்துத் தருவதே மேல்.

இந்தியாவில் பிள்ளைக்கு நடந்தது பாலியல் வன்முறை என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2012-இன் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும், சிகிச்சையாளரும் விதிவிலக்கில்லை. ‘வெளியே தெரியாமல் கவுன்சலிங் மட்டும்’ என்று ஒரு தேர்வு கிடையாது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ முதலில் அழைத்துவிடுவது வேலையைச் சுலபமாக்கும்.

இன்னும் முடியாத கொடுமை

அடிக்கிற வீட்டிலேயே இருப்பவரிடம் ‘பயம் தேவையற்றது’ என்று எந்தச் சிகிச்சையும் சொல்ல முடியாது. அவருடைய பயம் சரியாகவே வேலை செய்கிறது. இங்கே ஒப்பீட்டில் முதலில் நிற்பது பெண்கள் உதவி எண் 181, மருத்துவமும் சட்ட உதவியும் ஒரே இடத்தில் தரும் ஒன் ஸ்டாப் சென்டர், தங்குமிடம், ஒரு வக்கீல். தூக்க மாத்திரை இங்கே ஆபத்தும்கூட: இரவில் விழிப்பாக இருக்க வேண்டியவரை அது மயங்கவைக்கும்.

ஆனால் ‘முழுப் பாதுகாப்பு வந்த பிறகுதான் சிகிச்சை’ என்று தள்ளிப்போடுவதையும் நான் ஏற்கவில்லை. கிழக்குக் காங்கோவில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் ரெசிக் முறையைக் குழுவாகச் செய்து பார்த்தார்கள். நடத்தியவர்கள் மனநல மருத்துவர்கள் இல்லை, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள். ஆய்வு நடந்த காலத்திலேயே கிராமங்களில் ஆயுதக் குழுக்களின் தொல்லை தொடர்ந்தது. அப்படியும், ஆறு மாதம் கழித்து மனச்சோர்வோ பதற்றமோ இருக்கக்கூடியவர்கள் சிகிச்சைக் குழுவில் 9 சதவீதம், தனியாக ஆதரவு மட்டும் பெற்ற குழுவில் 42 சதவீதம். பி.டி.எஸ்.டி.யிலும் இதே போக்கு. பாதுகாப்புக்கான ஓட்டமும் சிகிச்சையும் கூடவே போகலாம்.

பல ஆண்டுகள் தொடர்ந்த கொடுமையில், சிறுவயதிலிருந்தே வதைபட்டவர்கள், தடுப்புக்காவலில் சித்திரவதைக்கு உள்ளானவர்கள் போன்றோரிடம், காயம் வேறு வடிவம் எடுக்கும். கோபத்தைக் கட்டுப்படுத்த முடியாது, தன்னையே அருவருப்பாகப் பார்ப்பார்கள், நெருங்கிய உறவே பயமுறுத்தும். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இதைச் சிக்கலான பி.டி.எஸ்.டி. என்று தனியாகப் பிரித்தது. இவர்களுக்குப் பன்னிரண்டு அமர்வுக் கணக்குப் பொருந்தாமல் போகலாம், கூடுதல் காலத்துக்குத் தயாராக வேண்டும்.

ஊரே காயப்பட்டால்

யாழ்ப்பாண மாவட்டத்தில் 2009-இல், போர் முடிந்த சூட்டோடு நடத்திய கணக்கெடுப்பில் பி.டி.எஸ்.டி. அறிகுறி உள்ளவர்கள் 7 சதவீதம். மனச்சோர்வு 22.2, பதற்றம் 32.6. அதாவது பி.டி.எஸ்.டி.யை மட்டும் தேடிப் போயிருந்தால் துன்பத்தின் பெரும்பகுதி கண்ணில் படாமலே போயிருக்கும். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைத்தான் கூட்டு உளக்காயம் என்று எழுதிவந்தார். குடும்பம், கோயில், அயல் என்று ஆளைத் தாங்கும் எல்லாமே உடைந்திருக்கும்போது, தனி ஆளை அறைக்குள் உட்காரவைத்துப் பேசுவது பாதி வேலைதான். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அந்தப் பாதியும் இல்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டப் பந்தலில் உட்கார்ந்த தாய்மாருக்கு முடிந்துபோன நினைவு என்று ஒன்று கிடையாது. செத்தார் என்று தெரியாமல் ஈமக்கடன் செய்யவும் முடியாது. இவர்களுக்குப் பந்தலே, அதில் கூட உட்கார்ந்திருப்பவர்களே எந்த மருந்தையும்விடப் பெரிய உதவியாக இருக்கலாம். தூக்கம், மனச்சோர்வு போன்றவற்றுக்கு மருந்து வேண்டுமானால் தரலாம், ‘என் பிள்ளை எங்கே’ என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

தமிழ்நாட்டுக் கரையில் 2004-க்குப் பிறகு பெங்களூரின் மனநல நிறுவனமான நிமான்ஸ் போன்றவை ஊர்க்காரர்களைப் பயிற்றுவித்துத்தான் வேலையைத் தொடங்கின. சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகா, அலையில் உறவுகளை இழந்தவர்களிடம் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை அனுப்பி அதன் பலனை ஆய்வாகவும் பதிவு செய்தது. இங்குள்ள ஈழ அகதி முகாம்களிலும் முகாமில் இருப்பவர்களையே பயிற்றுவித்து, தற்கொலை எண்ணம் உள்ளவர்களைத் தொடர்ந்து சென்று பார்க்கும் முறை சோதிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து அமர்வுத் திட்டம் ஒன்றும் இதே தடத்தில் வந்தது. பெஷாவரிலும் நைரோபியிலும் சாதாரண ஆட்களே அதை நடத்தினார்கள், மனத்துன்பம் குறைந்தது. மீனவருக்குப் படகு திரும்பக் கிடைப்பதும், அதில் மறுபடி கடலுக்குள் போவதும் தன்னளவில் ஒரு சிகிச்சைதான், ஃபோவா சொல்லும் அர்த்தத்திலேயே.

கோயில், தர்கா, மந்திரித்துக் கயிறு கட்டுவது பற்றியும் கேட்பார்கள். துணைக்கு இருந்தால் இருக்கட்டும், மனசுக்குத் தெம்பு என்றால் அதைக் கெடுக்க நான் யார். அடி, பட்டினி, சங்கிலி என்று வந்தால் அந்த நிமிடமே கூட்டி வந்துவிடுங்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத் தீயில் இறந்த 28 பேரில் பலர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால்தான் ஓட முடியாமல் போனார்கள்.

எந்த வழியை எடுத்தாலும் இரண்டு மாதம் போலக் கழித்து ஒரு கணக்குப் பாருங்கள். தூக்கம் கூடியதா, தவிர்த்த இடங்களில் ஒன்றுக்காவது போனாரா, எரிச்சல் குறைந்ததா. எதுவும் அசையவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி வழியை மாற்றலாம். மருந்தின் அளவோ, முறையோ, ஆளோ. செத்துவிடலாம் என்ற பேச்சு வந்தால் மட்டும் இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம், அன்றைக்கே பக்கத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். மனநல உதவி எண்கள்: இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926. இரண்டும் இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.